ஏணியிலிருந்து விழுந்தவர்களா?



மருத்துவக் கல்லூரியில் காலடி வைக்கும் இளைஞனை, "எதற்காக டாக்டராக விரும்புகிறாய்?" என்று கேட்டால், "ஏழை எளியவர்களின் பிணி தீர்க்க" என்பான். படிப்பு முடியும் தறுவாயிலோ, இருதய நிபுணனாகவோ அறுவை நிபுணனாகவோ ஆகவேண்டும் என்பான். காய்ச்சல், இருமல் என்று வருவோரை முதன்முதலில் பார்த்து, குடும்பம் முழுவதையும் கவனித்துக்கொள்ளும் வைத்தியராக இருக்க விழைவோர் சிலரே. இம்மாற்றத்திற்குப் பொருளாசையே காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பிரிட்டனின் அனுபவம் இன்னும் ஆழமான காரணங்களைக் காட்டுகிறது.

1948 ஜூலை 5ஆம் நாள் அந்நாட்டில் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. ஆஸ்பத்திரி நிபுணர்களுக்குச் சம்பளமும், அவர்களுள் சிறந்தோர்க்குத் தனிப் பரிசுத் தொகையும் வகுக்கப்பட்டன. குடும்ப வைத்தியருக்கோ, தம் பட்டியலில் உள்ள நோயாளிகளின் தலைக்கு இவ்வளவு என்று ஊதியம். இதில் ஒரு விபரீதம் இருந்தது. நல்ல அறையும் உதவிக்கு ஆளும் வைத்துக்கொண்டால் செலவு அவருடையது. குறைந்த நோயாளிகளை நிதானமாகப் பார்த்தால் வருவாய் குறையும். நன்றாக உழைப்பவரே நஷ்டமடைந்தார்.

1950இல் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய டாக்டர், இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்கள் தொழில் நடத்திய 55 இடங்களைப் பார்வையிட்டு அறிக்கை வெளியிட்டார். தொழில் நகரங்களில் அவர் கண்ட நிலை பரிதாபமானது. 1958இல், சர்ச்சிலின் வைத்தியராயிருந்த மோரன் பிரபு அரசாங்க விசாரணைக் கமிஷன் முன் சாட்சியமளித்தார். நிபுணத்துவம் என்னும் ஏணியில் ஏறமுடியாமல் விழுந்தவர்களே குடும்ப வைத்தியர்கள் என்பது அவர் கூற்றின் சாரம். மாணவன் கற்றதெல்லாம் ஆஸ்பத்திரியில். ஆசிரியர்கள் எல்லோரும் நிபுணர்கள். தான் கண்டறியாத தொழிலை, அதுவும் பெரியோர் இகழும் தொழிலை, அவன் எங்ஙனம் விரும்புவான்?

இந்நிலையை மாற்றக் குடும்ப வைத்தியர்களே முனைந்தனர். 1952இல் தமக்கென ஒரு கல்விக் கழகம் நிறுவினர். 1963இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கு உலகின் முதல் பேராசிரியராக ரிச்சர்டு ஸ்காட் அமர்ந்தார். 1965இல் ஆயிரக்கணக்கான வைத்தியர்கள் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களைத் தம் சங்கத்திடம் ஒப்படைத்தனர். அதன் பயனாக 1966இல் புதிய ஒப்பந்தம் பிறந்தது. உதவியாளர் சம்பளத்தில் நூற்றுக்கு 70 பங்கையும், இடத்தின் வாடகையையும் அரசாங்கம் ஏற்றது. 1976இல் இயற்றிய சட்டம் குடும்ப வைத்தியத்திற்குத் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்க வழி செய்தது.

இவ்வரலாற்றில் நம்மவர்க்கும் பங்குண்டு. இந்தியாவிலிருந்து சென்ற டாக்டர்களுக்குப் பெருமைமிக்க நிபுணத் துறைகளில் இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. அவர்களுள் பலர், பிறர் செல்லத் தயங்கிய தொழில் நகரங்களிலும், வேல்ஸ் நாட்டுச் சுரங்கச் சிற்றூர்களிலும் குடும்ப வைத்தியர்களாகி, அங்குள்ள மக்களின் பிணி தீர்த்தனர்.

பிரிட்டனில் இக்குறை இன்றும் முற்றும் நீங்கவில்லை. எனினும் ஒன்று தெளிவாகிறது: கல்லூரி எதைக் காட்டுகிறதோ, சமுதாயம் எதை மதிக்கிறதோ, அதையே மாணவன் தேர்ந்தெடுக்கிறான். கிராமத்திற்குப் போ என்று இளைஞனுக்கு உபதேசிப்பது மட்டும் போதாது. அங்கே பணிபுரியும் ஆசிரியரை அவனுக்குக் காட்டவேண்டும். அப்பணிக்குரிய ஊதியமும் மதிப்பும் தரவேண்டும். நாளை உங்களில் சிலர் டாக்டராவீர்கள். ஏனையோர் அந்த டாக்டரை மதிக்கும் சமுதாயமாவீர்கள். இரு சாராருக்கும் இதில் பொறுப்புண்டு.