128 வாத்தியங்களில் நம்ம நாயனம் எங்கே?



கம்ப்யூட்டருக்கும் கச்சேரிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கிற அண்ணாச்சிமார் நம்மில் உண்டு. அவர்கள் ஒருநடை கங்கைகொண்டான் வரை போய்வர வேண்டும். கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழனின் பட்டப்பெயரைத் தாங்கிய ஊர் அது. அங்கே கைலாசநாதர் கோயிலும் உண்டு, எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் உண்டு. கோயில் என்றால் நாயனம். பூங்கா என்றால் கம்ப்யூட்டர். இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே நம்ம நாயனம் இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்ல நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். அதன் முதல் ஏடு நம்ம சீமையிலேயே எழுதப்பட்டது என்பதுதான் விசேஷம்.

கங்கைகொண்டானிலிருந்து வடக்கே கயத்தாறு தாண்டி, கோவில்பட்டியில் கிழக்கே திரும்பினால் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்பது எல்லாருக்கும் தெரியும். முத்துசாமி தீட்சிதர் 1835-இல் காலமானதும் அங்கேதான். அவர் வம்சத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் (1839–1906) எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தார். சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்று ஒருவர். நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு இசைக் குறியீட்டில் எழுதி 1890-களில் அச்சிட்டவர். அவருடைய தூண்டுதலாலும் சமஸ்தானத்தின் ஆதரவாலும் சுப்பராம தீட்சிதர் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலை எட்டயபுரத்திலேயே தெலுங்கு லிபியில் அச்சேற்றினார். வெறும் ஸ்வரத்தை மட்டும் எழுதினால் பாட்டு வராது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே எந்த ஸ்வரத்தை அசைக்க வேண்டும், எதை வழுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் தனித்தனிக் கமகக் குறிகளை வைத்தார்.

கம்ப்யூட்டர் இசையில் 'மிடி' என்று சொல்கிறார்களே, அதுவும் ஒரு ஸ்வரப் புஸ்தகம்தான். அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷி முதலியோர் முயற்சியால் 1983-இல் அது நடைமுறைக்கு வந்தது. மிடி கோப்புக்குள்ளே சத்தமே கிடையாது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக அடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற உத்தரவுகள் மட்டுமே உண்டு. அதனால்தான் ஒரு முழுப் பாட்டும் சில பத்து கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. அதே பாட்டை சி.டி. தரத்தில் சத்தமாகவே பதிந்தால் நிமிஷத்துக்கு 10 மெகாபைட் ஆகும், 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியில் பத்து விநாடிகூடத் தாங்காது.

சரி, உத்தரவு மட்டும் இருந்தால் சத்தம் எங்கிருந்து வரும்? நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு நாதம் உறங்குகிறது; தட்டினால் எழுகிறது. தட்டுகிற கைதான் மிடி. ஒலிக்கிற தூண், கம்ப்யூட்டரில் இருக்கும் ஒலிக் கருவூலம். கை ஒன்றாக இருந்தாலும் தூண் மாறினால் நாதம் மாறிவிடும்.

1989-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் போன்ற ஆரம்பகால ஒலி அட்டைகளில் இந்தத் தூண்கள் மட்டம். யமஹா சில்லு ஒன்று அலைகளைக் கலந்து பொம்மைச் சத்தம் போடும். வயலினும் பீப்பீ, புல்லாங்குழலும் பீப்பீ. அதற்குள் நம் திரையிசையில் கம்ப்யூட்டர் நுழைந்தாகிவிட்டது. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா அதைப் பயன்படுத்தினார். 1992-இல் 'ரோஜா'வுக்குப் பிறகு ஏ. ஆர். ரஹ்மானின் ஸ்டுடியோ முறையே எல்லாருக்கும் வழி ஆயிற்று. ஆனால் அந்தக் கருவிகளை வாங்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். நம்மைப் போன்றவர்கள் எட்டி நின்று கேட்கத்தான் முடிந்தது.

1991-இல் எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு பட்டியல் போட்டார்கள். அதன் பெயர் ஜெனரல் மிடி. மொத்தம் 128 இடம். பியானோவுக்கு மட்டும் பல இடம். ஹெலிகாப்டர் சத்தத்துக்கு ஒன்று, துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒன்று, ஜனங்கள் கைதட்டுவதற்கு ஒன்று! இந்தியாவின் பங்கு 105-ஆம் எண்ணில் சிதார், 112-ஆம் எண்ணில் ஷெனாய், அவ்வளவுதான். வீணை இல்லை, நாயனம் இல்லை. தாள வாத்தியங்களுக்கென்று தனிப் பட்டியல் இருந்தும் அதில் தவில் இல்லை, மிருதங்கம் இல்லை. துப்பாக்கிக்கு இருந்த இடம் காருகுறிச்சியார் வாசித்த வாத்தியத்துக்கு இல்லாமல் போயிற்று.

இந்தப் பூட்டைத் திறந்தது 1994. ஈமு சிஸ்டம்ஸ் நிறுவனமும் கிரியேட்டிவ் நிறுவனமும் சேர்ந்து சவுண்ட்ஃபான்ட் என்ற முறையைக் கொண்டுவந்தன. அந்த வருஷம் வந்த ஏ.டபிள்யூ.ஈ.-32 அட்டையில் 512 கிலோபைட் நினைவகம் காலியாக விடப்பட்டிருந்தது. வேண்டிய ஒலிகளை நாமே அதில் ஏற்றிக்கொள்ளலாம். எழுத்துருவை மாற்றினால் அதே வாக்கியம் வேறு அழகில் தெரிவதுபோல, ஒலிக் கோப்பை மாற்றினால் அதே பாட்டு வேறு வாத்தியத்தில் கேட்கும். 1996-இல் இதன் இரண்டாம் பதிப்பின் விவரங்கள் வெளியாயின. உலகெங்கும் ஆர்வலர்கள் ஒலிகளைத் தயாரித்து இணையத்தில் போட்டார்கள். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் பொதுமக்களுக்கு இணையம் வந்தது. 28.8 கிலோபிட் மோடத்தில் 4 மெகாபைட் கோப்பு ஒன்று இறங்க, லைன் கட்டாகாமல் இருந்தாலே 20 நிமிஷம் ஆகும். இன்று அது கண் இமைக்கும் நேரம். ஃப்ளூயிட்சிந்த், மியூஸ்கோர் போன்ற இலவச மென்பொருள்களே இந்தக் கோப்புகளை வாசிக்கின்றன. தனி அட்டை எதுவும் வேண்டாம். பாலிஃபோன் என்ற இலவச மென்பொருளால் புதிதாக ஒன்றைச் செய்யவும் முடியும்.

செய்வது எப்படி? வாத்தியக்காரரை உட்கார வைத்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று வாசிக்கச் சொல்லிப் பதிய வேண்டும். நீளமாக ஊதும் ஸ்வரத்தில், திரும்பத் திரும்ப ஓடினாலும் ஒட்டுத் தெரியாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு எந்தக் கட்டைக்கு எந்தப் பதிவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் போதும், நம்ம பையன்களே செய்துவிடலாம்.

ஆனால் எட்டயபுரத்துப் பெரியவர் 1904-இல் சந்தித்த அதே சிக்கல் இங்கேயும் நிற்கிறது. பியானோவில் ஸ்வரம் ஒரு புள்ளி. நாயனத்தில் அது ஒரு பயணம். மிடியில் ஸ்வரத்தை வளைக்க வழி உண்டு. வழக்கமான அமைப்பில் மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரம், அதற்குள் 16,384 படிகள். படிகளுக்குக் குறைவில்லை. ஆனால் எந்த ராகத்தில் எந்த இடத்தில் எப்படி வளைப்பது என்பதை யாராவது சொல்ல வேண்டுமே! அதோடு, பதிந்த ஒலியை இழுத்து வளைக்கும்போது மூச்சும் சீவாளியும் சேர்ந்து தரும் அந்தக் குணம் கெட்டுப்போகிறது. இதை உணர்ந்துதான் சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன் 'காயகா' என்ற மென்பொருளில் ஸ்வரத்தோடு கமகத்தையும் எழுதிக் கொடுக்க வழி செய்தார். சுப்பராம தீட்சிதரின் குறிகளுக்கு அது கம்ப்யூட்டர் வாரிசு என்றே சொல்லலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. இன்று பல கோயில்களில் பூஜை நேரத்தில் மோட்டாரில் ஓடும் முரசும் மணியும்தான் ஒலிக்கின்றன. சுவிட்சைப் போட்டால் போதும், சம்பளம் கேட்காது. அதனால் தவில்காரர் வீட்டு அடுப்பு அணைந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு நல்ல நாயன சவுண்ட்ஃபான்ட் ஒன்று வந்தால் கல்யாண வீட்டிலும் அதே சுவிட்ச்தானே என்று ஒரு வித்வான் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

என் பதில் இது. பதியாமல் விட்டாலும் நஷ்டம். பெயரில்லாமல் பதிந்தாலும் நஷ்டம். காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் மறைந்தார். 'கொஞ்சும் சலங்கை'யில் 1962-இல் அவர் வாசித்தது பதிவானதால்தான் இன்றைய பிள்ளைகளும் கேட்கிறார்கள். நம்ம மாவட்டத்து சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம் 2022-இல் மறைந்தார். கொடை விழாக்களில் இன்னமும் வில்லும் வீசுகோலும் உடுக்கையும் குடமும் ஒலிக்கின்றன. அந்தக் குடத்தின் நாதம் எந்த 128-இலும் இல்லை.

சவுண்ட்ஃபான்ட் கோப்புக்குள்ளேயே தலைப்பு, தயாரித்தவர் பெயர், உரிமை, குறிப்பு ஆகியவற்றை எழுத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் வாசித்தவர் பெயரையும் ஊரையும் எழுதுவோம். அவர் சம்மதம் வாங்கி, உரிய சன்மானம் கொடுத்து, பிறகு பதிவோம். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கும், மெட்டுப் போடுகிற இளைஞனுக்கும், கடல் கடந்து வாழும் நம் மாணவர்களுக்கும் அது உதவட்டும். கல்யாணத்துக்கும் கொடைக்கும் மட்டும் ஆளையே கூப்பிடுவோம், கோப்பைக் கூப்பிட வேண்டாம்.

நம் சங்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நாயனக்காரர்களின் முகவரி தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. இந்த இரண்டு கூட்டமும் அடுத்த சந்திப்புக்குள் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் ஒலிகளையாவது முறையாகப் பதிந்து முடித்தால், அதைவிடப் பெரிய மலர் வேறு வேண்டாம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நெல்லைச் சீமையின் நாதம்!