முதல் பாகம் இலவசம்

1982-ல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மேனுக்கு ஒரு சிக்கல். கலிஃபோர்னியாவின் டிபுரானில் இருந்த இந்த முன்னாள் வக்கீல், இன்னொருவருடன் சேர்ந்து புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். இருவரிடமும் வேறு வேறு கம்ப்யூட்டர். அத்தியாயங்களை டெலிபோன் வழியே அனுப்ப உருப்படியான புரோகிராம் எதுவும் கிடைக்காததால், தானே உட்கார்ந்து ஒன்றை எழுதினார். பெயர் பிசி-டாக். பார்த்தவர்கள் ஆளுக்கொரு காப்பி கேட்டார்கள். விற்பதா, சும்மா கொடுப்பதா?

விடை டிவியில் கிடைத்தது. கேக்யூஇடி என்ற பொதுத் தொலைக்காட்சி, நேயர்களிடம் நன்கொடை திரட்டிக்கொண்டிருந்தது. அவரும் அதே வழியைப் பிடித்தார். காலி டிஸ்க்கும் தபால்தலை ஒட்டிய உறையும் அனுப்பினால் புரோகிராம் இலவசம். பிடித்திருந்தால் 25 டாலர் தரலாம். காப்பி எடுத்து நாலு பேருக்குக் கொடுக்கலாம். காப்பி எடுப்பது திருட்டு என்று கம்பெனிகள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் காசோலைகள் வந்தன. அதைவிட ஆச்சரியம், இதே யோசனை இன்னொரு மூளையிலும் உதித்திருந்தது!

சியாட்டில் பக்கத்து ஐபிஎம் ஊழியர் ஜிம் நாஃப், தன் சர்ச்சுக்காக முகவரி லேபிள் அச்சிட ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அதைத் திருத்தித் திருத்தி நண்பர்களுக்கு அனுப்பும் செலவு கட்டுப்படியாகவில்லை. 10 டாலர் அனுப்பி உதவும்படி புரோகிராமுக்குள்ளேயே ஒரு குறிப்பைச் சேர்த்தார். இரண்டு புரோகிராமும் கைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் இருவருக்கும் அறிமுகம் உண்டானது. போட்டி போடாமல் கைகோத்தார்கள். நாஃப் தன் புரோகிராமுக்கு பிசி-ஃபைல் என்று பெயர் மாற்றி, 25 டாலரே கேட்டார். இரண்டுமே முழுப் புரோகிராம்கள். பூட்டும் இல்லை, கெடுவும் இல்லை. முகம் தெரியாதவர்கள் மேல் வைத்த அந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது! ஆனால் அது எல்லோருக்கும் சோறு போடவில்லை.

டெக்சாஸில் ஸ்காட் மில்லர் என்ற இளைஞர் விளையாட்டுகளை முழுசாகக் கொடுத்துவிட்டுத் தபாலை எதிர்பார்த்தார். வந்த பணம் சொற்பம். கையில் எல்லாமே இருக்கும்போது எவர்தான் பணம் அனுப்புவார்? 1987-ல் க்ரோஸ் என்ற ஆட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்தார். அதில் படமே கிடையாது. எழுத்துகளும் குறிகளும்தான் சுவர், புதையல், பூதம். முதல் பகுதியை இலவசமாக விட்டார், மற்றவற்றுக்குக் காசு. இம்முறை காசோலைகள் குவிந்தன. சொந்தச் சரக்கு போதாமல் வேறு ஆள் தேடினார்.

கண்ணில் பட்டவர் ஜான் ரொமேரோ என்ற விளையாட்டுப் புரோகிராமர். அவரோ வேறொரு கம்பெனியில் வேலையில் இருந்தார். நேரடியாகக் கேட்டால் கடிதம் போய்ச் சேராது என்று அஞ்சி, வெவ்வேறு பெயர்களில் ரசிகர் கடிதம் எழுதினார் மில்லர். ரொமேரோ மகிழ்ந்து அவற்றைச் சுவரில் ஒட்டினார். பிறகு ஒருநாள் பார்த்தால், எல்லாக் கடிதத்திலும் ஒரே முகவரி! கோபம் தணிந்த பிறகு பிறந்ததுதான் கமாண்டர் கீன் என்ற விளையாட்டு. 1990 டிசம்பரில் அதன் முதல் பாகம் இலவசமாக வெளியாகி, மில்லரின் வியாபாரத்தை ஒரேயடியாக உயர்த்தியது.

விளையாட்டைப் பாகமாகப் பிரிக்கலாம். கோப்பைச் சுருக்கும் புரோகிராமை எப்படிப் பிரிப்பது? அங்கே அளவுகோல் நாட்காட்டியானது. 30 நாள், 40 நாள் என்று எண்ணிக்கொண்டே வந்து, கெடு முடிந்ததும் பணம் கட்டிப் பதிவு செய்யச் சொல்லும் ‘ட்ரையல்’ பெட்டி திரையில் முளைத்தது. பல புரோகிராம்கள் அதோடு கதவைச் சாத்திவிடும். 40 நாள் கெடு வைத்த, கோப்பைச் சுருக்கும் வின்ராரோ, பெட்டியை மூடியதும் வழக்கம்போல் கோப்பைப் பிரித்துக் கொடுக்கிறது.