தீப்பெட்டிப் படமும் இரும்புக்கை மாயாவியும்

சிவகாசிக்கு முதலில் வந்தது தீப்பெட்டி. அச்சுத் தொழில் அதன் பின்னால்தான் வளர்ந்தது. 1922-இல் பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, மறு ஆண்டே தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டி செய்தால் அதன் நெற்றியில் ஒட்ட ஒரு படம் வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் கடைக்காரரிடம் "அந்தப் புலிப்படம் போட்டது குடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டுமே. லேபிளை வெளியூரில் அடித்து வாங்கிக் கட்டுப்படியாகாமல் லித்தோ அச்சு சிவகாசிக்குள் வந்தது. காலண்டர், டைரி, பட்டாசுச் சுற்றுத்தாள், பள்ளி நோட்டு அட்டை என்று ஒவ்வொன்றாக அந்த இயந்திரங்களில் ஏறின. 1972-இல் ஏறியது ஒரு காமிக்ஸ். முத்து காமிக்ஸின் முதல் இதழ், 'இரும்புக்கை மாயாவி'.

ஒரே ஊரில் அச்சான இந்த இரண்டு காகிதங்களும் வெவ்வேறு வழியாகத் தூத்துக்குடிப் பையன்களின் கைக்கு வந்தன. அமெரிக்காவில் விளையாட்டு வீரர் கார்டு சேர்ப்பவர்களும் காமிக்ஸ் சேர்ப்பவர்களும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் நிற்பார்கள்; பல ஊர்களில் இரண்டுக்கும் ஒரே கடைதான். நம் பக்கம் கிரிக்கெட் கார்டு பின்னால் வந்த சரக்கு. அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்தது தீப்பெட்டிப் படம். இரண்டுக்கும் பிறவிப் பொருத்தமும் உண்டு. கார்டு பிறந்தது சிகரெட் பெட்டிக்குள். மெல்லிய காகிதப் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஒரு விறைப்பான அட்டையை வைத்தார்கள். வெறும் அட்டை எதற்கு என்று அதில் படம் போட்டார்கள். உலகத்தில் அதிகம் பேசப்படும் பேஸ்பால் கார்டு ஹோனஸ் வாக்னர் என்பவருடையது. 1909-க்கும் 1911-க்கும் இடையில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட்டோடு இலவசமாகக் கொடுத்ததுதான் அது. ஊதித் தள்ளுகிற பொருளோடு ஒட்டி வந்த படம். நம்முடையதும் கிழித்துப் போடுகிற குச்சியோடு ஒட்டி வந்த படம்.

லேபிளின் பாதை கோவில்பட்டி வழி. பெரிய தாளில் வரிசை வரிசையாக அச்சாகி, வெட்டி, கட்டுக் கட்டாகக் கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் எட்டயபுரத்துக்கும் போகும். அங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். ஆபீஸிலிருந்து சீவல் மரமும் ஊதாத்தாளும் லேபிளும் வீடுகளுக்குப் போகும். திண்ணையில் உட்கார்ந்து பெண்களும் பிள்ளைகளும் அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி. அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' படத்தை எடுத்தார். படத்தை ஒட்டியவர்களும் படத்தைச் சேர்த்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள் என்பதை, சேகரிப்பைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறோம். கரிசல் காட்டுப் பிள்ளைக்கு அது கூலி, கடற்கரைப் பிள்ளைக்கு விளையாட்டு. நடுவில் அறுபது கிலோமீட்டர்.

தூத்துக்குடியில் தீப்பெட்டி காலியானதும் லேபிளின் இரண்டாவது வாழ்க்கை ஆரம்பமாகும். பெட்டியைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். அவசரப்பட்டு உரித்தால் மூலை கிழியும். பசை இளகியதும் படம் தானே வழுக்கிக்கொண்டு வரும். அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவிட்டால் சுருக்கமில்லாமல் கிடைக்கும். பிறகு தெரு. மண்ணில் ஒரு வட்டம், நடுவில் ஆளுக்குச் சில படம், தூரத்தில் கோடு. தட்டைக் கல்லை எறிந்து வட்டத்துக்கு வெளியே தள்ளியது தள்ளியவனுக்கு. சிகரெட் அட்டைக்கும் இதே ஆட்டம் உண்டு. எந்தப் படம் எத்தனை படத்துக்குச் சமம் என்பது தெருவுக்குத் தெரு மாறும். பெட்டிக்கடையெல்லாம் கிடைக்கிற 'சீட்டா ஃபைட்' அடிமாட்டு விலை. தோணியில் கொழும்பும் மாலேயும் போய் வருகிற ஆள் வீட்டில் இருந்தால் அந்தப் பையன் கையில் அயல்நாட்டு லேபிள் இருக்கும். தெருவே அவன் சொன்ன விலைக்குக் கட்டுப்படும். அரிதானதற்குத்தான் விலை என்ற பாடத்தை எந்த வாத்தியாரும் எங்களுக்கு நடத்தவில்லை.

பிறகு கிரிக்கெட் வந்தது. 1987-இல் ரிலையன்ஸ் உலகக் கோப்பை இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்ததை ஒட்டிய காலத்தில் பிக் ஃபன் பபிள்கம்மோடு வீரர் படங்கள் வந்தன. அதில் போட்டிருக்கும் ரன்னைக் கூட்டிக்கொண்டே போனால் பரிசு. மிட்டாய் வாயில் கரைந்துவிடும், ரன் டவுசர் பைக்குள் சேரும். தொண்ணூறுகளில் டிரம்ப் கார்டு. மல்யுத்த வீரனின் உயரம், எடை, மார்பளவு. கிரிக்கெட் வீரனானால் மேட்ச், ரன், விக்கெட். எண் பெரிதாக இருப்பவன் எதிராளியின் கார்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். ரேங்க் ஒன்று வைத்திருந்தவனுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஐ.பி.எல். வந்த பிறகு டாப்ஸ் கம்பெனியின் கிரிக்கெட் அட்டாக்ஸ் கார்டுகள் வழுவழுப்பாக வந்தன. ஆனால் அடிப்படை மாறவில்லை. ஆடினால் தோற்கலாம், தோற்றால் போய்விடும். அதனால்தான் நம் ஊரில் பழைய கட்டு முழுதாக வைத்திருப்பவரைக் காண்பது அபூர்வம். முழுதாக வைத்திருப்பவன் ஆடாதவன். அவனை அன்று யாரும் மதிக்கவில்லை.

காமிக்ஸின் பயணம் வேறு. மாயாவி பிறந்தது லண்டனில், 1962-இல் 'வேலியன்ட்' என்ற பையன்கள் வார இதழில். வரைந்தவர் ஸ்பெயின்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் தாக்கினால் மறைந்துவிடுவான்; கை மட்டும் தெரியும். அந்தப் படங்களை ஃப்ளீட்வே நிறுவனத்திடமிருந்து வாங்கி, பலூனுக்குள் தமிழை ஏற்றி, சிவகாசி எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸ் ஆக்கினார். முல்லை தங்கராசன் தொடக்க கால ஆசிரியர். பிளாஸ்கோவின் கறுப்பு நிழல்களைச் சிவகாசி இயந்திரம் கொஞ்சம் அப்பித்தான் அடித்தது. ஆனாலும் அந்தக் கை இருட்டிலிருந்து நீண்டு வருவது கட்டிலுக்கடியில் படித்தவனுக்குப் போதுமான அளவு தெரிந்தது.

1984 ஜூலையில் இரண்டு வெடிகள் ஒன்றாக வெடித்தன. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. அந்தக் குழுமத்தை நிறுவிய சி.பா. ஆதித்தனார் திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக்காரர், ஆகவே எங்கள் மாவட்டம். லயனில் ஸ்பைடர் வந்தான், கூர்ங்காது குற்றச் சக்கரவர்த்தி. அவன் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கி 1938-இல் 130 டாலருக்கு உரிமையை விற்ற இருவரில் ஒருவர். அவர் எழுதியதைத்தான் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கிய கயிற்றிலிருந்து உருவி வாங்கினோம் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் பலருக்குத் தெரிந்தது.

காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு, வாடகைக்குப் படித்தவர்களே அதிகம். லெண்டிங் லைப்ரரியில் அட்டை மேல் காக்கித்தாள் ஒட்டி, நடுவில் தடித்த நூலால் தைத்து, முதல் பக்கத்தில் மாயாவியின் முகத்திலேயே ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருப்பார்கள். எச்சில் தொட்டுப் புரட்டிய வலது கீழ்மூலை கறுத்து, மொட்டையாகிப் போயிருக்கும். கடைசிப் பக்கத்தில் எவனாவது வில்லன் யாரென்று பேனாவால் எழுதி வைத்திருப்பான். அந்தப் பாவி இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறான் என்று நினைக்கிறேன்.

இனி விலை. 1952-ஆம் ஆண்டு டாப்ஸ் பேஸ்பால் கார்டு வரிசையின் பிற்பகுதி விற்காமல் தேங்கி, கிடங்கை அடைத்துக்கொண்டிருந்தது. 1960-இல் அவற்றைக் குப்பைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அந்தக் கம்பெனியின் சை பெர்கர் பின்னாளில் சொன்னார். அப்படி மூழ்கிய வரிசையில் தப்பிய ஒரு மிக்கி மேன்டில் கார்டு 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சூப்பர்மேன் முதலில் வந்த 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 10 சென்ட் விலையுள்ளது, 2024-இல் 60 லட்சம் டாலர். இரண்டையும் அந்த விலைக்குத் தூக்கியது அரிதாக இருப்பது மட்டும் அல்ல, தரச்சான்றும்தான். நிபுணர்கள் மூலை, ஓரம், மேற்பரப்பு பார்த்து பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி முத்திரையிடுகிறார்கள். கார்டுகளுக்கு இதைப் பெரிய அளவில் தொடங்கிய பி.எஸ்.ஏ. 1991-இல் வந்தது, காமிக்ஸுக்கு சி.ஜி.சி. 2000-இல்.

தரம் பிரிப்பது தூத்துக்குடிக்குப் புதிய சங்கதியா என்ன? முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பி அழுகி முத்து எடுத்ததும் வியாபாரிகள் பித்தளைச் சல்லடைகளை அடுக்கிச் சலிப்பார்கள். துளை வேறு வேறு அளவு. மேல் சல்லடையில் நிற்பது ஒரு ரகம், கீழிறங்குவது இன்னொன்று, கடைசியில் விழுவது தூள். அதன்பின் உருட்சி, நீரோட்டம், நிறம். 1961-க்குப் பிறகு இங்கே அரசு முத்துக்குளிப்பு நடத்தவில்லை; சலித்த கைகளும் போய்விட்டன. கார்டு முத்து மாதிரி. அதன் மதிப்பு முழுக்க மேல்தோலில். முன்பக்கம் முகம், பின்பக்கம் எண்கள். பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடினாலும் இரண்டும் தெரியும், ஒன்றும் நட்டமில்லை.

காமிக்ஸை அப்படி மூடினால் அட்டையும் பின்னட்டையும் மட்டும் மிஞ்சும். உள்ளே மாயாவி மறைந்தானா, மாட்டினானா, யாருக்கும் தெரியாது. இது எனக்கு ஒப்பவே இல்லை. அறுபது லட்சம் டாலர் கொடுத்தவர் புத்தகத்தைத் திறந்தால் மதிப்பெண் போய்விடும். ஆகவே இப்படி விலையுயர்ந்த காமிக்ஸ் என்பது யாரும் படிக்க முடியாத காமிக்ஸ். தமிழ் சேகரிப்பாளர்கள் இந்தப் பக்கம் போகவில்லை. பழைய முத்து காமிக்ஸ் இதழ்கள் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுவது உண்மைதான். ஆனால் வாங்கியவர் அன்றிரவே படித்துவிடுவார். லயன், முத்து பதிப்பகமே பழைய கதைகளை நல்ல தாளில் மறுபதிப்புப் போடுகிறது. 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வந்ததிலிருந்து சந்தா கட்டிக் காத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. மறுபதிப்பைப் படித்துவிட்டு, பழைய இதழைத் தேடுகிறவர்களும் அவர்கள்தான். கதை கையில் இருக்கிறது. தேடுவது அந்த நியூஸ்பிரிண்டை. கார்டில் இந்தப் பிரிவினை இல்லை. மேன்டில் கார்டை மறுபடி அடித்தால் அது வெறும் படம்.

எங்கள் ஊரில் நியூஸ்பிரிண்டுக்கு எதிரிகள் அதிகம். மரக்கூழில் உள்ள அமிலம் தானாகவே தாளைப் பழுப்பாக்கும்; கடற்காற்று அதை வேகப்படுத்தும். உப்புப் பட்டு ஸ்டேப்ளர் பின் துருவேறி, துரு தாளுக்கு இறங்கி, நடுப்பக்கம் இரண்டும் சேர்ந்தாற்போலக் கழன்று வரும். மற்றதை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். இவை எல்லாவற்றுக்கும் தப்பியதை அம்மாக்கள் எடைக்குப் போட்டார்கள். பழைய பேப்பர் கடையிலிருந்து பாதி கடலைப் பொட்டலமாகப் போனது; மீதி மில்லுக்குப் போய்க் கூழாகி அட்டையாகத் திரும்பியது. தீப்பெட்டியில் சீவல் மரத்தின் இடத்தை அட்டை பிடித்துக்கொண்ட காலமும் அதுதான். கூழான ஸ்பைடர் ஏதோ ஒரு கோவில்பட்டித் தீப்பெட்டிக்கு அடிப்பெட்டியாகியிருந்தால் ஆச்சரியமில்லை.

அந்த அட்டைதான் லேபிளையும் முடித்துவைத்தது. படம் நேராகப் பெட்டியிலேயே அச்சாகிறது. ஊறப்போட்டு உரிக்க ஒன்றும் கிடையாது. 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டானது, பதினான்கு ஆண்டுக்குப் பின் ஏறிய விலை. வீடுகளில் லைட்டர் வந்துவிட்டது. பெட்டிகள் கன்டெய்னரில் ஏறி வ.உ.சி. துறைமுகம் வழியாக வெளிநாடு போகின்றன. லேபிள் சேர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆல்பத்தில் ஒட்டாமல், மூலையில் செருகி வைத்து, அச்சுப் பிழை உள்ளதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிற நுணுக்கக்காரர்கள். கார்டு சேர்ப்பவரோடு அவர்களை உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் நண்பர்களாகிவிடுவார்கள்; இருவருக்கும் வேண்டியது வரிசை முழுமை, மூலை கூர்மை.

காமிக்ஸ்காரர்களின் பேரம் வேறு மாதிரி. பழைய புத்தகக் கடைக்காரர் மூட்டையைப் பிரித்து முத்து காமிக்ஸ் ஒன்றை எடுத்து வைத்தால் விலையை யாரும் முதலில் கேட்பதில்லை.

"அண்ணாச்சி, அட்டை ஒரிஜினல்தானா?"

"ஒரிஜினல்தான், பாருங்க."

"நடுப்பக்கம் இருக்கா? கடைசிப் பக்கம்?"

"எண்ணிப் பாத்துக்கிடுங்க. விலை மட்டும் கொறைக்க மாட்டேன்."

எண்ணுகிறேன் என்று தொடங்கியவர் பதினைந்தாம் பக்கத்தில் படிக்க ஆரம்பித்துவிடுவார். அண்ணாச்சிக்கு அது தெரியும். விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்ல அதுதான் சமயம்.