புண்ணும் அதன் கரையும்

தொழுநோயாளியின் உள்ளங்கால் புண் ஆறாததற்கு அவருடைய சதை கெட்டுப்போனதுதான் காரணம் என்று ஒருகாலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அதை ஏற்கவில்லை. மரத்துப்போன காலை வலி தெரியாமல் ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றி நடப்பதே காரணம் என்றார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை விலக்கியதும் அதே சதை ஆறியது. 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் கால்புண் சிகிச்சையிலும் இந்தப் பாடம் இடம்பிடித்தது.

ஆனால் புண்ணை மதிப்பிடும் முறைகளில் அந்தப் பாடம் முழுதாக இறங்கவில்லை. பரவலாகப் புழங்கும் வாக்னர் வரிசை ஆழத்தையும் அழுகலையும் கொண்டு தரம் பிரிக்கிறது. டெக்சாஸ் வகைப்பாடு தொற்றையும் ரத்த ஓட்டக் குறைவையும் சேர்த்துக்கொண்டது, பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இரண்டிலும் சுற்றுத் தோலுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. புண் எவ்வளவு மோசம் என்று குழி சொல்லும். ஏன் வந்தது, ஏன் ஆறவில்லை என்பதைப் பெரும்பாலும் அந்தச் சுற்றுத் தோல், அதாவது கரைதான் சொல்லும்.

பெருவிரலின் அடிமேட்டில் வந்த புண் ஒன்றைப் பார்ப்போம். நடுவில் சிறு துளை, சுற்றிலும் மஞ்சளித்துத் தடித்த காய்ப்பு. ஸ்கேல் வைத்து அளந்தால் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. காய்ப்பைச் சீவி எடுத்ததும் அடியில் தேங்கிய சீழ் வெளிவரும். துளை என்று நினைத்தது அகன்ற பள்ளமாக விரியும். சீவுவதற்கு முன் எழுதிய அளவு பொய்யளவு. காய்ப்பு வெறும் மூடியும் அல்ல, அந்த இடத்தில் அழுத்தம் தொடர்கிறது என்பதற்கான சாட்சி. அதை நீக்கினாலே அங்கே விழும் அழுத்தம் கணிசமாகக் குறையும்.

கரையின் மற்றக் கோலங்களும் இப்படியே பேசும். வெளுத்து ஊறிய தோல் என்றால் கசிவைக் கட்டு உறிஞ்சவில்லை, அல்லது கட்டு மாற்றுவது தாமதமாகிறது. கணுக்காலுக்கு மேலே பழுப்பேறி இறுகிய தோல் சிரைக் கோளாறைக் காட்டும். முடி உதிர்ந்து மெலிந்து சில்லிட்ட தோல் தமனி அடைப்பைச் சந்தேகிக்க வைக்கும். அங்கே ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் இறுக்கக் கட்டுப் போடுவது ஆபத்து.

நிறம்தான் நம் நாட்டில் பெரிய சிக்கல். புண்ணைச் சுற்றிய சிவப்பு அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் அது தொற்றின் அடையாளங்களில் ஒன்று, இரண்டைத் தாண்டினால் தீவிரம் கூடுகிறது என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரிவதே அரிது. கருமை கூடியதாகவோ ஊதா சாயலாகவோதான் தோன்றும். சிவப்பு இல்லை என்று எழுதிவிட்டு நகர்வதில் அர்த்தமில்லை. புறங்கையால் தொட்டு மறுகாலோடு சூட்டை ஒப்பிட வேண்டும்; வீக்கம், இறுக்கம், வலி ஆகியவற்றையும் தேட வேண்டும். நரம்பு மரத்தவருக்கு வலியும் கைகொடுக்காது என்பதால் சூடும் வீக்கமும் கூடுதல் மதிப்புப் பெறுகின்றன.

பரப்பளவு ஒன்றே போதும் என்பாரும் உண்டு. சர்க்கரைப் புண் நான்கு வாரத்தில் பாதியாகச் சுருங்காவிட்டால் சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற விதி பயனுள்ளது, எளியதும்கூட. ஆனால் அது தோல்வியை அறிவிக்குமே தவிர காரணத்தைச் சொல்லாது. காய்ப்பு முதல் நாளே கண்முன் இருந்திருக்கும். அதைக் குறிக்கப் புண் மதிப்பீட்டு அட்டையில் இடமில்லை என்பதற்காக நோயாளி அதே செருப்பில் நான்கு வாரம் நடந்திருப்பார்.