பந்தல்: அவிழ்த்து எடுக்கும் கட்டடக்கலை

பொது இடத்தில் சில நாள்களுக்கு மட்டும் நிழல் தருவதற்காக எழுப்பப்பட்டு, தேவை முடிந்ததும் கட்டவிழ்த்துப் பிரிக்கப்படும் பந்தல், தமிழகத்தின் மிகப் பழைய கட்டட வகைகளுள் ஒன்றாக இருந்தும், கோயிலும் கோட்டையும் பெற்ற ஆய்வுக் கவனத்தில் சிறு பங்கைக்கூடப் பெறவில்லை. எஞ்சி நிற்காத கட்டடத்தை அளந்து பார்க்க இயலாது என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் இலக்கியமும் சிற்பமும் இன்றும் வழங்கும் தொழில்முறையும் தரும் சான்றுகளைச் சேர்த்து நோக்கினால், எடுத்துச் செல்லத்தக்கதும் மண்ணுக்கே திரும்பக்கூடியதுமான ஒரு கட்டுமான முறை இங்கே முதிர்ந்த நிலையில் இருந்தது புலப்படும்.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, கரிகாலன் வடபுலத்து அரசரிடம் பெற்ற அரும்பொருள்களைச் சொல்லுமிடத்து, மகத மன்னன் தந்த பட்டிமண்டபத்தையும் அவந்தி வேந்தன் தந்த தோரணவாயிலையும் கூறுவதற்கு முன்பே, வச்சிர நாட்டுக் கோன் திறையாக அளித்த கொற்றப்பந்தரைக் கூறுகிறது. ஓர் அரசன் மற்றோர் அரசனுக்குக் கொடுத்தனுப்பும் செல்வங்களின் வரிசையில் பந்தல் இடம்பெற்றிருப்பதால், ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் நிறுத்தத்தக்க ஒன்றாக அது எண்ணப்பட்டது என்று கொள்ளலாம்.

கல்லில் கட்டத் தொடங்கிய பின்னும் தச்சரின் நினைவை விட்டுக் கூரை அகலவில்லை. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் ஒரே பாறையில் குடையப்பட்ட திரௌபதி ரதம், வேய்ந்த குடிசையின் வடிவத்தையே அப்படியே கொண்டிருக்கிறது. ஆவுடையார்கோயிலின் கொடுங்கை, அதாவது சுவருக்கு வெளியே வளைந்து இறங்கும் கூரை விளிம்பு, மரச்சட்டங்களும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளும் தோன்றுமாறு கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. நிலைத்து நிற்பதற்கென்றே கட்டப்பட்ட கோயில், நிலையற்ற கூரையைத் தன் அழகுக்கு முன்மாதிரியாகக் கொண்டது என்பது, அந்தக் கூரையை அமைத்தவர்களின் தகுதிக்குப் போதிய சான்று.

பொதுமக்களுக்கான சிறு நிழற்கூடங்களில் மிகத் தொன்மையானது தண்ணீர்ப்பந்தல். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்ததைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடினார். பாண்டியன் படைக்கு இறைவனே தண்ணீர்ப்பந்தல் வைத்த கதையைத் திருவிளையாடற்புராணம் ஒரு தனிப் படலமாகவே வைத்தது. வழிப்போக்கர் நடமாடும் சாலையோரத்தில், சித்திரை வைகாசி மாதங்களின் வெயிலுக்கு மட்டும் எழும் இப்பந்தலில், ஈர மணல் பரப்பிய மேடைமீது மண்பானைகள் அமர்த்தப்படும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் தண்ணீரும் நீர்மோரும் பானகமும் குளிர்கின்றன. பக்கங்கள் திறந்திருப்பதால் தடையின்றி வீசும் காற்று அந்த ஆவியாதலை விரைவுபடுத்துகிறது. மின்சாரமோ எரிபொருளோ வேண்டாத இந்த அமைப்பில், கூரையும் தரையும் கலமும் ஒன்றுக்கொன்று துணையாக இயங்குமாறு திட்டமிடப்பட்டிருப்பது பாராட்டத்தக்கது.

பந்தல் தொழிலின் நுட்பம் அதன் பிணைப்புகளில் இருக்கிறது. தென்னை மட்டையை நடுவே இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி, இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து முடைந்தால் கிடைப்பது கீற்று. இலங்கைத் தமிழர் அதைக் கிடுகு என்பர். குழி தோண்டி நடும் கால்களின் உச்சியில் இயற்கையாகவே கவை, அதாவது இரண்டாகப் பிரியும் கிளை, இருந்தால் குறுக்குக்கட்டை அதில் அமர்ந்துவிடும். இல்லாவிடில் கயிற்றால் பெருக்கல் குறிபோலச் சுற்றி இறுக்குவர். அதன்மேல் வரிச்சுகள் எனப்படும் மெல்லிய கழிகளைப் பரப்பிக் கட்டி, மழைநீர் உள்ளே இறங்காதவாறு, கீழ்வரிசைக் கீற்றின் தலையை மேல்வரிசைக் கீற்று மூடும்படி, தாழ்வாரத்திலிருந்து முகட்டை நோக்கி வேய்ந்துகொண்டு போவர். ஆணி அடிக்காததால் மரம் பிளப்பதில்லை. முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு கழியும் முழு நீளத்தோடு அடுத்த ஊருக்குப் புறப்படும். நைந்த கீற்று அடுப்புக்கோ எருக்குழிக்கோ போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களின் விறகுக்காகச் சோழமண்டலக் கரையில் பெருமளவில் பயிரிடப்பட்ட சவுக்கு, நேராக வளரும் இயல்பால் மூங்கிலோடு சேர்ந்து பந்தல்காரரின் முதன்மைப் பொருளாயிற்று. முதற்காலை நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமமிட்டு, மாவிலை கட்டி நடும் பந்தக்கால் சடங்கு, சில நாள் நிற்கப்போகும் கூரையையும் ஒரு வீட்டுக்குரிய மரியாதையோடு மக்கள் தொடங்கினர் என்பதைக் காட்டுகிறது.

இந்தத் தொழில் திருமணத்தோடும் திருவிழாவோடும் நின்றுவிடவில்லை. இந்திய தேசிய காங்கிரஸின் மூன்றாவது மாநாடு 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடியபோது, 607 பிரதிநிதிகளும் பார்வையாளர்களும் அமர்ந்தது மக்கீஸ் தோட்டத்தில் அதற்கெனவே போடப்பட்ட பந்தலில்தான். 1905இல் திருச்சி ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டினார். அந்த வழியில் பின்னர் பெருகிய டூரிங் டாக்கீஸ்களின் கீற்றுக் கொட்டகைகளே சிற்றூர் மக்களுக்குத் திரைப்படத்தை அறிமுகம் செய்தன. நிலையான அரங்கம் கட்டப் பொருளற்ற ஊர்களுக்கும் பொதுமன்றம் வாய்த்தது பந்தலால்தான் என்பதை அரசியல் வரலாறும் திரை வரலாறும் இன்னும் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை.

பந்தலின் பெருங்குறை நெருப்பு. 1886 டிசம்பர் 31 அன்று சென்னை பீப்பிள்ஸ் பார்க்கில் நடந்த கண்காட்சியில் கீற்றுக் கொட்டகைகள் பற்றி எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலிலும், 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் கட்டிவைக்கப்பட்டிருந்த கொட்டகையிலும், 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தின் மாடிப் பந்தலிலும் உயிர்கள் கருகின. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்திலிருந்து பரவிய தீ, கீற்றுக்கூரை வழியே வகுப்பறையை அடைந்து 94 குழந்தைகளைக் கொன்றது. பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு அதன்பின் பிறப்பித்த ஆணை முற்றிலும் நியாயமானது. குறுகிய வாயில்களும் அளவுக்கு மீறிய கூட்டமும் கூரைக்குச் சமமான குற்றவாளிகள் என்பதும் உண்மை.

ஆனால் கீற்றின் இடத்தைப் பிடித்தவை தகரமும் பிளாஸ்டிக் விரிப்பும் செயற்கை இழைத் துணியுமே. தகரம் நண்பகலில் உள்ளிருப்போரை வாட்டுகிறது. விரிப்பு கிழிந்தால் குப்பையாகிறது. செயற்கைத் துணியும் தீப்பற்றும், பற்றினால் உருகிச் சொட்டும். தீக்குத் தீர்வு தேடியபோது பொருளோடு சேர்த்துப் பந்தலின் வடிவமைப்பு அறிவையும் கைவிட்டது தவறு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், கூரை ஓலைமீது நீரில் கரையாத மண்பூச்சு பூசித் தீயைத் தடுக்கும் முறையை முன்பே உருவாக்கியிருக்கிறது. அத்தகைய முறைகளை இடம்பெயரும் கூரைக்கு ஏற்றவாறு எடை குறைத்து வளர்ப்பதும், முடிச்சுகளையும் கால் இடைவெளிகளையும் கூரைச் சரிவுகளையும் மூத்த பந்தல் தொழிலாளரிடம் கேட்டு வரைபடமாகப் பதிவதும் தமிழகக் கட்டடக்கலைக் கல்லூரிகள் உடனே மேற்கொள்ள வேண்டிய பணிகள். இவ்வறிவைக் கையில் வைத்திருக்கும் தலைமுறை இருக்கும்போதே அவை தொடங்கப்பட வேண்டும்.