பிளாக் பேந்தர் காமிக்ஸ்: எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

2018இல் 'பிளாக் பேந்தர்' படம் வந்தபோது நாம் கொண்டாடினோம். படத்தைப் பார்த்துவிட்டு அதன் மூலக்கதையை வாசிக்கத் தேடிய இளம் தோழர்கள் பலர் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். காரணம் எளிது. ஏறத்தாழ அறுபது ஆண்டுக் கதை. ஒரே பெயரில் மீண்டும் மீண்டும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கும் தொடர்கள். எதை முதலில் கையில் எடுப்பது?

முதல் இதழிலிருந்து தொடங்காதீர்கள் என்பதே எங்கள் பதில். முதலில் இந்தப் பெயரின் வரலாற்றைத் தெரிந்துகொள்வோம். எதை எந்த வரிசையில் வாசிப்பது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

1966 ஜூலை தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 52ஆம் இதழில் பிளாக் பேந்தர் முதன்முதலாக வருகிறான். படைத்தவர்கள் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி என்ற இரண்டு வெள்ளையர்கள். வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசன் டி'சாலா. அறிவியலில் அமெரிக்கர்களையே வியக்க வைப்பவன். அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் நிறுவனங்களில் தோன்றிய முதல் கறுப்பின சூப்பர் ஹீரோ இவன்தான்.

அதே ஆண்டு அக்டோபரில் ஓக்லாந்து நகரில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பேந்தர் கட்சியைத் தொடங்கினார்கள். காமிக்ஸைப் பார்த்து வைத்த பெயர் அல்ல அது. அலபாமா மாநிலத்தின் லவுண்டஸ் மாவட்டத்தில், வாக்குரிமைக்காகப் போராடிய கறுப்பின மக்கள் தங்களுக்கென ஒரு கட்சி கட்டி, கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்தார்கள். எழுத்தறியாதவர்களும் வாக்களிக்கக் கட்சிக்குச் சின்னம் தேவைப்பட்ட மாநிலம் அது. உதயசூரியனையும் இரட்டை இலையையும் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிதல்ல. எதிரே நின்ற ஜனநாயகக் கட்சிக்கு அங்கே வெள்ளைச் சேவல் சின்னம். அதன் மேல் 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்ற சொற்களையே வெளிப்படையாகப் பொறித்திருந்தவர்கள் அவர்கள்.

கட்சியின் பெயர் பரவப் பரவ, காமிக்ஸ்காரர்களுக்குத் தயக்கம் வந்தது. 1972இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 119ஆம் இதழில் டி'சாலா தன் பெயரை 'பிளாக் லெபர்ட்' என்று மாற்றிக்கொள்கிறான். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு அரசியல் அர்த்தம் வந்துவிட்டதாம்! கொஞ்ச காலத்தில் பழைய பெயரே திரும்பிவிட்டது.

அதே 1972இல் பம்பாயில் நடந்ததைப் பாருங்கள். நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே முதலிய தலித் இளைஞர்கள் அந்தக் கட்சியின் பெயரை விரும்பி எடுத்து 'தலித் பேந்தர்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு நிறுவனம் கைவிடப் பார்த்த பெயரை நம் மக்கள் பெருமையோடு சூடிக்கொண்டார்கள். 1980களில் அது மதுரைக்கு வந்து, பின்னர் விடுதலைச் சிறுத்தைகள் என்று ஆனது. இந்தக் காமிக்ஸ் நமக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

இனி வாசிப்பு வரிசை.

முதலில், 1973இல் 'ஜங்கிள் ஆக்‌ஷன்' 6ஆம் இதழில் தொடங்கிய 'பேந்தர்ஸ் ரேஜ்'. ஆப்பிரிக்கக் காட்டில் சாகசம் செய்யும் வெள்ளைக்கார வீரர்களின் பழங்கதைகளை மறுபதிப்பு செய்துகொண்டிருந்த இதழ் அது. அதில் டான் மெக்ரெகர் ஏறக்குறைய எல்லோருமே கறுப்பின மக்களாக இருக்கும் ஒரு நெடுங்கதையை எழுதினார். பெரும்பகுதியை வரைந்த பில்லி கிரகாம் கறுப்பின ஓவியர். அரசன் அமெரிக்காவில் சாகசம் செய்துகொண்டிருக்க, ஊரில் கில்மாங்கரின் கலகம் வளர்கிறது. கடைசியில் கில்மாங்கரை வீழ்த்துவது யார் என்பதை நீங்களே வாசியுங்கள். அரசன் அல்ல என்று மட்டும் சொல்கிறோம். மெக்ரெகரின் வாசகங்கள் அடர்த்தியானவை. முதல் முறை படங்களோடு போங்கள், இரண்டாம் முறை வரிகளைப் படியுங்கள்.

அதைத் தொடர்ந்து 1976இல் டி'சாலாவை ஜார்ஜியாவுக்கு அனுப்பி, கு கிளக்ஸ் கிளானோடு மோத வைத்தார் மெக்ரெகர். அந்தக் கதை முடியும் முன்பே இதழ் நிறுத்தப்பட்டது. 1977இல் வந்த புதிய தொடர் வேறு சாகசத்துக்குப் போய்விட்டது. கற்பனை வில்லன்களோடு ஆண்டுக்கணக்கில் சண்டை போட இடம் இருந்தது. உள்ளூர் வெறியர்களோடு மோதிய கதைதான் அந்தரத்தில் நின்றது.

இரண்டாவது, 1998இல் கிறிஸ்டோபர் பிரீஸ்ட் தொடங்கிய தொடர். ஒரு கறுப்பின எழுத்தாளர் கைக்கு இந்தத் தொடர் வந்து சேர 32 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன! ராஸ் என்ற வெள்ளை அமெரிக்க அதிகாரி கதை சொல்கிறார். சம்பவங்கள் முன்னும் பின்னுமாக வரும், மிரள வேண்டாம். எதுவும் புரியாமல் விழிப்பவர் ராஸ்தான், டி'சாலா அல்ல. அந்தக் கேலியில்தான் அரசியல் இருக்கிறது.

மூன்றாவது, 2016இல் டா-நெஹிசி கோட்ஸ் எழுதத் தொடங்கியது. இதில் மக்களே அரசனுக்கு எதிராக எழுகிறார்கள். அரசனின் மெய்க்காவல் படையில் இருந்த பெண்களே கலகத்துக்குத் தலைமை ஏற்கிறார்கள். பிறப்பால் ஒருவன் ஆளலாமா என்ற கேள்வி, கடைசியில் அரசியலமைப்புச் சட்டத்தில் வந்து நிற்கிறது. பாபாசாகேப்பை வாசித்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை.

இவை முடிந்தபின் 1966க்குத் திரும்புங்கள். அப்போது அந்த முதல் இதழ் வேறு மாதிரித் தெரியும். இவை எல்லாம் தொகுப்பு நூல்களாக வந்திருக்கின்றன. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, வாசிப்பு வட்டத்தில் வைத்துப் பேசுங்கள்.

வாசிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வோம். எழுதுவது யார்? வரைவது யார்? எந்தச் சண்டை பாதியில் நிறுத்தப்படுகிறது? நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதும் எல்லாவற்றிடமும் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான்.