கலக்கமே மருந்தாகுமா?

நம் முன்னோர் வடமதுரை என்று போற்றிய மதுராவில், 1897-ஆம் ஆண்டு, ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் வில்ஃப்ரெட் பியான். எட்டு வயதில் கல்வியின்பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், பிறந்த நாட்டை மீண்டும் கண்டாரில்லை. முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் பணிபுரிந்து வீரப் பதக்கம் பெற்றார். பிரிவையும் போரையும் இளமையிலேயே அறிந்த இவர், பின்னாளில் மன மருத்துவராகி, பலரை ஒருங்கே அமர்த்திச் செய்யும் கூட்டுச் சிகிச்சைக்குப் புதுவழி கண்டார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பர்மிங்காம் நகரை அடுத்த நார்த்ஃபீல்டு இராணுவ மருத்துவமனையில் மனம் நொந்த போர்வீரர்கள் தங்கியிருந்தனர். அங்குப் பயிற்சிப் பிரிவின் பொறுப்பை ஏற்ற பியான், ஜான் ரிக்மன் என்ற மருத்துவருடன் சேர்ந்து ஒரு சோதனையைத் தொடங்கினார். படையை ஒன்றுபடுத்துவது பொதுப் பகைவன் அல்லவா? இங்கே மனநோயே அப்பகைவன் எனக் கொண்டார். வீரர்கள் தாமே குழுக்கள் அமைத்தனர். நாள்தோறும் நண்பகலில் அரைமணி நேரம் கூடினர். சிலர் வேலை செய்யாமல் திரிகின்றனர் என்று முறையிட்டபோது, பியான் எவரையும் தண்டிக்கவில்லை. அதன் காரணத்தை ஆராயும் பொறுப்பை அவர்களிடமே விட்டார். ஆறு வாரங்களில் இச்சோதனை நிறுத்தப்பட்டது. ஆயினும், ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த ஃபோக்ஸ் முதலானோர் அங்கே கூட்டுச் சிகிச்சையைத் தொடர்ந்து வளர்த்தனர்.

1948-இல் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் பியான் மீண்டும் குழுக்களை நடத்தினார். அறிவுரையை எதிர்பார்த்து அமர்ந்தோர்முன் அவர் பெரும்பாலும் மௌனம் காத்தார். கலக்கம் எழுந்தது. அக்கலக்கத்தில் குழுவினர் ஒருவரையே தெய்வமென நம்பிச் சார்ந்தனர். அல்லது சண்டையிட்டனர், விலகியோடினர். அல்லது இருவரின் நட்பிலிருந்து மீட்பு வருமெனக் காத்திருந்தனர். 1961-இல் வெளிவந்த தம் நூலில் இவற்றை விளக்கிய அவர், கலக்கத்தை உடனே தணித்துவிட்டால் அதன் வேர் மறைந்தே நிற்கும் என்று கருதினார்.

எனினும், மருந்துக்கும் அளவு உண்டு. அந்நிலையத்தின் குழுக்களில் சிகிச்சை பெற்றோரைப் பற்றி 1976-இல் வெளியான ஆய்வு, அவர்களுள் பெரும்பாலோர் மனநிறைவு அடையவில்லை எனக் காட்டிற்று. கலக்கத்தைக் காட்டினால் மட்டும் போதாது. அதைத் தாங்கிக்கொள்ளத் துணையும் வேண்டும்.

வேற்று மாநிலங்களில் சங்கம் அமைத்து வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கூட்டத்தில் பூசல் எழுந்தால், உடனே ஒரு தலைவரைத் தேடுகிறோம், அல்லது வெளியேறுகிறோம். அதற்குமுன் ஒரு கணம் நின்று, நம்மைக் கலங்கவைப்பது யாது என்று ஒருவரையொருவர் அன்புடன் கேட்போமாக.